அரைப் பிடி

அந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் வாத்தியார். மீதிப் பாதி, அவரிடம் கற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வாயில் புழங்கியது ‘நியூட்ரல்’ என்பதுதான். வண்டியின் பக்கத்தில் யார் போய் நின்றாலும், “முதல்ல நியூட்ரல்ல இருக்கான்னு பாரு. அப்புறம் சாவி. அப்புறம்தான் சாமி” என்பார். சொல்லிச் சொல்லி அதுவே அவர் பெயராகிவிட்டது. மாமியார்கூட மருமகனை அப்படித்தான் கூப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளவயதில் அவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது வேகம் அல்ல, மெதுவு. மெதுவாக ஓட்டும் போட்டி என்று ஒன்று உண்டு. கால் தரையில் படக் கூடாது, வண்டி நிற்கவும் கூடாது. கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவருக்குத்தான் பரிசு. அவர் கலந்துகொண்டால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்காகத்தான் வருவார்கள். ஒரு வருடம் அவர் கோட்டைத் தொடுவதற்குள் நடுவர் எழுந்து போய்த் தேநீர் குடித்து, முடியும் வெட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் என்று ஊரில் சொல்வார்கள். முடி வெட்டிக்கொண்டதை மட்டும் நான் நம்பவில்லை. அந்த நடுவருக்கு வழுக்கை. தேநீர் உண்மை.

அந்த மெதுவெல்லாம் அவருடைய இடது கையில் இருந்தது. கிளட்ச் பிடியை முழுவதும் இழுத்தால் என்ஜின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். முழுவதும் விட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். பிரிவதற்கும் சேர்வதற்கும் நடுவே நகத்தளவு இடம் ஒன்று இருக்கிறது. புருஷன் பெண்டாட்டிகூட அந்த இடத்தில் அதிக நேரம் நிற்க முடியாது. அவர் கை அங்கே வண்டியை அரை மணி நேரம் பிடித்து வைத்திருக்கும்.

அந்தக் கைதான் ஐம்பது வயதைத் தாண்டியபோது அவரிடமிருந்து மெல்ல நழுவ ஆரம்பித்தது. அது வெளியே தெரிந்தால் வண்டியிலிருந்து இறங்க வேண்டும். வண்டியிலிருந்து இறங்கினால் அவரிடம் வேறு எதுவும் இல்லை. படிப்பு இல்லை, நிலம் இல்லை, பேச்சுத் துணைக்குக்கூட வண்டியைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஆகவே அவர் அதை மறைத்தார். எப்படி மறைத்தார் என்பதில்தான் கதை இருக்கிறது.

மூடிப்போன கிடங்கு ஒன்றின் பின்புறச் சிமெண்டுத் தளம்தான் அவருடைய பள்ளிக்கூடம். சுற்றிலும் பாசி படர்ந்த சுவர். பழைய டயர்களுக்கு வெள்ளையடித்து வளைவுகளில் போட்டிருப்பார்கள். ஒரு மூலையில் தகரக் கொட்டகை. அதுதான் ஒர்க் ஷாப். அதில் அவருடைய மனைவியின் தம்பி மெக்கானிக்காக இருந்தான். கொட்டகையை ஒட்டி ஏறும் இரும்புப் படியில் போனால் இரண்டு அறை. அதுதான் வீடு. மனைவி அங்கே ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு வண்டிகளுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருப்பாள். கீழே என்ஜின் உறுமும்போதெல்லாம் மேலே தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ரெக்சின் வாடையும் பெட்ரோல் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் சேர்ந்து, அந்த வீட்டுக்கென்றே ஒரு காற்று இருந்தது.

முதல் நாள் அவர் யாரையும் என்ஜினைத் தொட விடமாட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு தளத்தைச் சுற்ற வேண்டும். “இதோட கனம் முதல்ல உன் இடுப்புக்குத் தெரியணும். சாயும்போது எந்த இடத்துல அது உன்ன ஜெயிக்கும்னு தெரியணும். தெரியாமத்தான் எல்லாரும் சிக்னல்ல விழறான்” என்பார். இரண்டாம் நாளிலிருந்து காலைப் பாடம். எல்லோரும் ஒரு வண்டியைச் சுற்றி நிற்க, டயரில் தொடங்குவார். காற்று குறைந்த டயர் வளைவில் வழுக்கும், அதிகமான டயர் பிரேக்கில் வழுக்கும். சங்கிலியைக் கீழே நடுவில் விரலால் தூக்கிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆட வேண்டும், தொங்கக் கூடாது, விறைக்கவும் கூடாது. என்ஜினின் பக்கத்தில் உள்ள வட்டக் கண்ணாடி வழியே ஆயிலைப் பார்க்கும்போது வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சாய்ந்த வண்டி பொய் சொல்லும். கடைசியாக கிளட்ச். “பிடிக்கும் அது மாட்டியிருக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு நாணயம் நுழையற அளவுக்கு இடைவெளி வேணும். அந்தச் சும்மா ஆடற இடம் சும்மா இல்ல. அது இல்லன்னா உள்ள பிளேட்டு ஒண்ணோட ஒண்ணு உரசிக் கருகிடும்” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் செருகிக் காட்டுவார்.

மாடியில் தைத்துக்கொண்டே மனைவி இந்தப் பாடத்தைத் தினமும் கேட்டாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஏறி உட்காரவே பயம். ஆனால் பாடம் மட்டும் தலைகீழாகச் சொல்வாள். டயருக்கு ஒரு தையல், சங்கிலிக்கு ஒரு தையல், நாணயத்துக்கு நூலைப் பல்லால் அறுப்பாள்.

கை நழுவுவதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு பாட்டில் மூடி. மிஷினுக்குப் போடும் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டினாள். அவர் இடது கையால் திருகிப் பார்த்தார். வலது கைக்கு மாற்றினார்.

“மூடி சரியில்ல” என்றார்.

“நேத்துவரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு” என்றாள்.

“மூடிக்கும் வயசாகும்ல?”

அவள் சிரித்தாள். பேச்சு அத்தோடு போய்விட்டது.

பிறகு ஒரு மாலை. நாள் முழுக்கப் பழக்கிவிட்டுக் கடைசியாக ஒரு வளைவை ஓட்டிக் காட்டினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு: எந்தப் புதிய பாடமானாலும் முதலில் வாத்தியார் ஓட்டிக் காட்ட வேண்டும், அவரே வைத்த வழக்கம். அன்று கிளட்சை இழுக்க விரல்கள் போயின, முழுவதும் போகவில்லை. கியர் கரகரவென்று கத்தியது. யாரும் கவனிக்கவில்லை. அவருக்கு மட்டும் முதுகில் வியர்த்தது.

கிளட்ச் பிடியிலிருந்து என்ஜினுக்குப் போகும் கேபிளின் நுனியில் திருகு ஒன்று இருக்கிறது. அதை வெளியே திருகினால் கேபிள் இறுகும். பிடியைப் பாதி இழுத்தாலே என்ஜின் பிரிந்துவிடும். எல்லோரும் தேநீருக்குப் போன நேரத்தில் அவர் அதை ஒரு சுற்றுத் திருகினார். கை நிம்மதியானது. எந்த வண்டியில் ஏறிக் காட்ட வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாதே, அதனால் பழக்கும் வண்டிகளில் மற்ற நான்கையும் அப்படியே திருகினார். சில மாதம் கழித்து இன்னொரு சுற்று. அதற்கப்புறம் இன்னொன்று. நாணயம் நுழைந்த இடத்தில் காகிதம்கூட நுழையாது என்றானது.

ஒரு நாள் காலைப் பாடத்தில் டயர் வந்தது, சங்கிலி வந்தது, ஆயில் வந்தது, நாணயம் வரவில்லை. மாடியில் மனைவி நூலை அறுக்கக் காத்திருந்தாள். கீழே என்ஜினைக் கிளப்பிவிட்டார்கள். மறுநாளும் நாணயம் வரவில்லை. அந்த வாரத்திலேயே அவருடைய சட்டைகளில் இருந்த பட்டன்களையெல்லாம் பிரித்தெடுத்துவிட்டு, அழுத்தினால் ‘டிக்’ என்று ஒட்டிக்கொள்ளும் பட்டன்களை வைத்துத் தைத்தாள். அவர் போட்டுப் பார்த்தார்.

“இது என்ன புது ஃபேஷன்?”

“மிச்சம் கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு வச்சேன்.”

“நல்லாத்தான் இருக்கு. டிக் டிக்னு.”

கொட்டகையில் மச்சானுக்கும் விஷயம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

“மாமா, ரெண்டாவது வண்டியில கருகின வாடை வருது.”

“உன் அக்கா சமையலா இருக்கும்.”

“அக்கா இன்னிக்குச் சமைக்கவே இல்ல. நேத்து மிச்சம்தான்.”

“அப்ப நேத்துக் கருகினது இன்னிக்குக் கீழ இறங்கியிருக்கும். வேலையப் பாரு மாப்ளே.”

மச்சான் பிரித்துப் பார்த்தான். கிளட்ச் பிளேட்டுகள் கறுத்துக் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தன. புதிது போட்டுக் கேபிளைச் சரியான அளவுக்குத் தளர்த்தி வைத்தான். மறுநாள் பார்த்தால் பழையபடி இறுகியிருந்தது. மறுபடி தளர்த்தினான், மறுபடி இறுகியிருந்தது. மூன்றாம் முறை தளர்த்தவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கருகக் கருகப் பிளேட்டை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டிருந்தான். இப்படியாக அந்த வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் கற்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்தவர்கள் அந்த வண்டிகளில்தான் கற்றார்கள். பயந்துபோய் நாலு விரலாலும் பிடியை நெரிப்பவர்களைப் பார்த்தால் அவர், “எதுக்கு இந்தக் கொலவெறி? ரெண்டு விரல் போதும். பாதி இழு, போதும். பூப்பறிக்கிற மாதிரி” என்பார். தன் கைக்கு முடிந்ததை அவர் பாடமாக்கிவிட்டார். சொல்லச் சொல்ல அது நல்ல பாடம் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் ஊரில் ஒரு புதுக் கூட்டம் உருவாகியிருந்தது: இரண்டு விரலால் பாதி இழுக்கிறவர்கள். உரிமத் தேர்வுக்கும் அவர் வண்டிகளையே ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதால், எல்லோரும் பூப்பறித்தே தேறினார்கள்.

அந்த மழைக்காலத்தில் வந்தவர் நர்ஸம்மா. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். நாற்பதைத் தாண்டியவர், கனமான உடம்பு, குத்தலான வாய். அவர்கள் ஆபீஸில் வேனை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். உரிமம் எடுக்காதவர்கள் உள்ளே வார்டு வேலைக்குப் போக வேண்டும்.

“சைக்கிள்கூட ஏறாத ஒருத்தி நேரா இதுல ஏறினா விழுவாளா, மாட்டாளா?” என்று கேட்டார்.

“விழுவீங்க.”

“ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லக் கூடாதா வாத்தியாரே? நாங்கல்லாம் நோயாளிகிட்ட எவ்வளவு சொல்றோம்!”

“நான் சொல்லுவேன். வண்டிக்குக் காது கேக்காதே.”

விழுந்தார். எழுந்தார். முழங்கையில் தானே மருந்து போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். நாலு விரலாலும் நெரித்தார். “ரெண்டு விரல் போதும்மா” என்றார் இவர். நர்ஸம்மா நல்ல மாணவி. சொன்னதை அப்படியே செய்தார். அதுதான் வினையாகப் போனது.

தேர்வு நாளன்று தேர்வு அலுவலகத்தில் ஒரு புது வண்டி நின்றுகொண்டிருந்தது. இனி யாரும் தங்கள் வண்டியில் ஓட்டக் கூடாது, அலுவலக வண்டியில்தான் என்று விதி மாறியிருந்தது. நல்ல விதிதான். வானம் இருட்டிக்கொண்டு தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நியூட்ரலின் ஆட்கள் ஐந்து பேர் வரிசையில். முதல் ஆள் ஏறினான், இரண்டு விரலால் பாதி இழுத்தான், கியரை மிதித்தான். பாதி இழுப்புக்கு என்ஜின் பிரியாத அந்த வண்டி கத்தியது, குதித்தது, அணைந்தது. இரண்டாவது ஆள் எப்படியோ கிளம்பிப் போய், நிற்க வேண்டிய கோட்டில் பிரேக்கை விட்டதும், கிளட்சைப் பிடித்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் இருந்தபோதே வண்டி தானாகக் கோட்டைத் தாண்டி நகர்ந்தது. மூன்றாவது, நான்காவது அதே கதை. ஐந்தாவதாக நர்ஸம்மா. மூன்று தடவை அணைத்துவிட்டு இறங்கிக் குடையைத் தேடினார்.

தேர்வு அதிகாரி வாயில் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தார். “என்னய்யா நியூட்ரல், உன் ஆளுங்க எல்லாருக்கும் ஒரே வியாதியா இருக்கு?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நியூட்ரல் ஐந்து இடது கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தசை, நல்ல நரம்பு, நல்ல விரல்கள். எல்லாம் அவருடைய கையைப்போல் பாதியில் நின்றன. தன் கை ஐந்து உடம்புகளில் ஒட்டிக்கொண்டு நிற்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

“நீயே ஒரு தடவ ஓட்டிக் காட்டேன். நம்ம பழைய சாம்பியன் ஆச்சே” என்று அதிகாரி சாவியை நீட்டினார்.

“முதுகு பிடிச்சிருக்கு சார்.”

சொல்லும்போது இடது கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது. முதுகுவலிக்காரர் முதுகைத்தானே பிடிப்பார்? குடைக்கடியில் நின்ற நர்ஸம்மா அதைக் கவனித்தார்.

அந்த வாரம் யாரும் பழக வரவில்லை. மழை. தளத்தில் தண்ணீர் தேங்கி, வெள்ளையடித்த டயர்கள் அதில் மூழ்கிக் கிடந்தன. ஒரு மத்தியானம் நர்ஸம்மா மட்டும் வந்தார். கொட்டகையில் பெஞ்சின்மேல் ஒரு பொருளை வைத்தார். உடைந்த பக்கக் கண்ணாடி.

“எங்க ஆபீஸ்ல எனக்குன்னு கொடுத்த வண்டி. காம்பவுண்டுக்குள்ளதான் பழகினேன். கேட்டுல வந்து நின்னேன். கிளட்ச பிடிச்சிருந்தேன், நீங்க சொன்ன மாதிரி, பாதி. பிரேக்க விட்டதும் அது பாட்டுக்கு ரோட்டுக்கு நகந்துடுச்சு. ஒரு லாரி. கண்ணாடிய மட்டும் எடுத்துட்டுப் போயிட்டான். ஒரு கை அகலம் இந்தப் பக்கம் வந்திருந்தா என்னையும் எடுத்துட்டுப் போயிருப்பான்.”

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தான். நியூட்ரல் கண்ணாடியின் விரிசலையே பார்த்தார்.

“சண்டை போட வரல. ஒண்ணு கேக்கணும். உங்க வண்டிங்க மட்டும் ஏன் அவ்வளவு லேசா இருக்கு?”

“நல்லாப் பராமரிக்கிறோம்.”

“எங்க, அந்தக் கையக் காட்டுங்க.”

“நீங்க வண்டி கத்துக்க வந்தீங்களா, கை பாக்க வந்தீங்களா?”

“எனக்கு அதானே வேலை, கை பாக்கறது, கால் பாக்கறது.” நர்ஸம்மா எழுந்தார். “இன்னொரு டெஸ்ட் இருக்கு. அதுலயும் போச்சுன்னா வார்டுதான். அதுகூடப் பரவாயில்ல. ஆனா நான் ரோட்டுல ஓட்டப்போறது அந்த வண்டி. உங்க வண்டி அந்த மாதிரி ஆகணும். அதுக்கு என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும்.”

அவர் போன பிறகு மச்சான் மெல்ல, “மாமா...” என்று ஆரம்பித்தான்.

“வாயத் தொறக்காத மாப்ளே.”

“தொறக்கல. நாளைக்கு நானே எல்லாத்தையும் தளர்த்தி...”

“தளர்த்தி? நாளைக்கு நான் எதுல ஏறுவேன், உன் தலையிலயா?”

அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் ஒப்புதல். தகரத்தில் மழை கொட்டியது.

மறுநாள் வெயில் வந்தது; வந்திருக்க வேண்டாம் என்பதுபோல் மங்கலாக. மாணவர்கள் வந்தார்கள். தேறாத ஐவரும் இருந்தார்கள். மச்சான் வருவதற்கு முன்பே அவர் தனியாக ஐந்து வண்டிகளையும் தளர்த்தி முடித்திருந்தார். வலது கையால் திருகி, இடது கையை வெறுமனே கேபிளின்மேல் வைத்துக்கொண்டு, பழக்கம். பிறகு எல்லோரையும் முதல் வண்டியைச் சுற்றி நிற்க வைத்தார். டயர். சங்கிலி. ஆயில். சட்டைப் பையில் கைவிட்டார்.

“பிடிக்கும் அது மாட்டியிருக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு நாணயம் நுழையற அளவுக்கு...”

மாடியில் தையல் மிஷின் நின்றுவிட்டது. கீழே யாருக்கும் அது கேட்டிருக்காது, அவருக்குக் கேட்டது. பாடம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது என்றால் அவர் எதைக் கொடுத்து அதை வாங்கினார் என்பது அவளுக்குப் புரிந்தது. எழுந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவு நாளா ரெண்டு விரல், பாதின்னு சொன்னேன். அது தப்பு. நாலு விரல். முழுசா. பிடி உள்ளங்கையோட முட்டணும்” என்றார் அவர்.

“அப்ப பூப்பறிக்கிறது?” என்றான் ஒருவன்.

“பூவும் இல்ல, காயும் இல்ல. நெரி.”

எல்லோரும் நின்றார்கள். புதுப் பாடம், வழக்கப்படி வாத்தியார் முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். முதுகு இருக்கவே இருக்கிறது. மச்சான் முன்னால் வந்து, “நான் காட்டறேன் மாமா” என்றான். அவர் அவனைத் தோளில் தொட்டு ஓரம் தள்ளிவிட்டு ஏறினார். நியூட்ரல் பார்த்தார். சாவி போட்டார். கிளப்பினார். நாலு விரலையும் பிடியின்மேல் வைத்து இழுத்தார். முகம் சிவக்கும்வரை இழுத்தார். பிடி பாதி வந்தது. அதற்குமேல் அது பாறை. கியரை மிதித்தார்.

வண்டி அவரைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நேராகப் போய்ச் சுவரோரம் இருந்த எண்ணெய் டிரம்மில் மோதிச் சாய்ந்தது. அவருடைய ஒரு கால் அடியில். பின்சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓடினார்கள்.

“மொதல்ல நியூட்ரல்ல போடு மாப்ளே!” என்று தரையில் கிடந்தபடியே கத்தினார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

காலுக்கு ஒன்றும் இல்லை, சிராய்ப்புதான். நர்ஸம்மா காலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினார். சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி.

“எவ்வளவு நாளா?”

“கொஞ்ச நாளா.”

“கொஞ்ச நாள்ல இவ்வளவு பள்ளம் விழாது.”

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்ற மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் தன் இடது கையை எடுத்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டான். அதை அவர் பார்த்தார். டிரம்மில் மோதியதைவிட அது வலித்தது.

டாக்டர் நரம்பு என்றார். தேய்ந்தது திரும்பி வளராது, இனித் தேயாமல் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் உறுதியில்லை, வலது கையையும் கவனித்து வாருங்கள் என்றார். வண்டியைப் பற்றி இவர் கேட்கவில்லை; டாக்டரும் சொல்லவில்லை. வரும்போது மச்சான் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்தார். பின் சீட்டில் உட்காருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். “மாமா, வளைவுல எதிர்ப்பக்கம் சாயாதீங்க, வண்டி இழுக்குது” என்றான் மச்சான். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், சரி என்று தலையாட்டினார்.

வீட்டில் மனைவி தட்டை வைத்தாள். அவர் சாப்பிடாமல் சட்டைப் பட்டன் ஒன்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டிக். டிக்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நாணயத்த விட்ட அன்னிக்கே.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா எறங்கியிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்குக் கேக்கணும்?”

அவருக்குக் கோபம் வந்தது. “உனக்குத் தெரியும், உன் தம்பிக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். நான் மட்டும் உக்காந்து திருகிக்கிட்டு இருந்திருக்கேன். அந்தம்மா லாரியில அடிபட்டுப் போயிருந்தா?”

தம்பி வந்து லாரி விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள், தைக்கவில்லை.

தளம் மச்சானிடம் போனது. அவன் நல்ல மெக்கானிக். வாத்தியாராக அவ்வளவு சுகமில்லை, பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் மூச்சு வாங்கும். அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்ல, அவன் ஓட்டிக் காட்டினான். அப்படித்தான் நர்ஸம்மாவும் நெரிக்கக் கற்று, இரண்டாம் தேர்வில் தேறினார். இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வாயில் போட்டுக்கொண்டு, “ஆயில் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

நாளாக ஆக அவர் ஸ்டூலிலும் உட்காருவதில்லை. தேறாத அந்த ஐந்து பேரைத் திருத்தியாகிவிட்டது. அதற்கு முன் இரண்டு வருடமாகத் தேறிப் போனவர்கள்? அவர்கள் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள், இரண்டு விரலோடு. சிலர் தாமாகவே பழகித் திருத்திக்கொண்டிருப்பார்கள். சிலர் தங்கள் வண்டியின் கேபிளையும் இறுக்கிக்கொண்டு பிளேட்டைக் கருக்கிக்கொண்டிருப்பார்கள். யார் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தினமும் காலையில் பெரிய சிக்னலுக்கு நடந்து போய், ஓரத்தில் நிற்க ஆரம்பித்தார். சிவப்பு விழுந்ததும் வண்டிகள் வந்து நிற்கும். அவர் முகங்களைப் பார்க்கமாட்டார். இடது கைகளை மட்டும் பார்ப்பார். இரண்டு விரலைக் கண்டால் நடைபாதையிலிருந்து, “நாலு விரல்! முழுசா!” என்று கத்துவார். ஊரில் சிலர் பாவம் என்றார்கள், சிலர் கழன்றுவிட்டது என்றார்கள். என்னைக் கேட்டால், கழன்றவர்கள் இவ்வளவு சரியான நேரத்துக்கு எங்கேயும் போய் நிற்பதில்லை.

ஒரு காலையில் பார்சல் கொண்டுபோகும் ஆள் ஒருவன், அவரிடம் பழகினவன்தான், முன் வரிசையில் வந்து நின்றான். இரண்டு விரல். தலையில் முழு ஹெல்மெட். சுற்றிலும் என்ஜின் சத்தம். அவர் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. வாத்தியாரைக் கண்டதும் மட்டும் தலையாட்டினான். அவர் கத்துவதை நிறுத்தி, இடது கையை உயரத் தூக்கி, முழுவதும் மூடிக் காட்டினார். அதாவது மூடினார் என்றுதான் அவர் நினைத்தார். விரல்கள் பாதி வரை வந்து அங்கேயே நின்றன. அந்த ஆள் அதைப் பார்த்தான். ஹெல்மெட் கண்ணாடிக்குள் கண் சிரித்தது. புரிந்தது வாத்தியாரே, மறக்கவில்லை என்பதுபோல் தன் கிளட்சில் இருந்த இரண்டு விரலை ஆட்டிக் காட்டினான். சிவப்பு இன்னும் மாறவில்லை. அவனுடைய வண்டி தானாகவே மெல்லக் கோட்டைத் தாண்டி நகர்ந்தது. குறுக்கே வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

அவர் கையைக் கீழே இறக்கி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாளும் அதே இடத்தில் நின்றார். இந்த முறை தூக்கியது வலது கை. நாலு விரலையும் நன்றாக மூடிக் காட்டினார். பார்த்தவர்கள் என்னவோ ஏதோ என்று தங்கள் வலது கையை மூடினார்கள், அது பிரேக். வண்டிகள் கோட்டுக்கு இந்தப் பக்கமே அப்படியே நின்றன. அவர் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனாலும் சிக்னல் மாறும்வரை கையை இறக்காமல் நின்றார்.